வகுப்பறையில் 'நாம்' என்ற சொல்



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர், எழுதியவர்கள் மூன்று பேர். அதனால்தான் இதில் 'நான்' வராது, 'நாங்கள்' என்றே வரும். யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. எங்களுக்கு அவர் வாத்தியார். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை எங்களுக்குப் பாடம் எடுத்தவர். அதற்குப் பிறகும் விடவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் இருந்த பச்சைப் பெயின்ட் அடித்த தகர பீரோவில்தான் நாங்கள் முதன்முதலாகப் பாடப்புத்தகம் அல்லாத புத்தகத்தைப் பார்த்தோம். "நம்ம பிள்ளைங்க டீச்சர் ட்ரெய்னிங் போறாங்க, போலீசுக்குப் போறாங்க, நல்லதுதான். ரெண்டு பேராவது தமிழ் படிங்கடா. அங்க என்ன வெச்சிருக்கான்னு போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார். அப்படி அவர் பேச்சைக் கேட்டு, 1990களின் நடுவில், பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் எம்.ஏ. படிக்க நாலு பேர் போனோம். மூன்று பையன்கள், ஒரு பெண். படிப்பை முடித்தது மூன்று பேர்.

முடிக்காமல் போனவரிடம் போன மாதம் பேசினோம். உங்களைப் பற்றியும் சொல்லலாமா என்று கேட்டோம். "பேரு வேண்டாம். நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க, உங்களுக்குச் சாதகமா சொல்லாதீங்க" என்றார். அவருக்குக் கொடுத்த வாக்கோடுதான் இங்கே நிற்கிறோம்.

வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் யாரும் எங்களிடம் சாதி கேட்கவில்லை. ஊர்தான் கேட்டார்கள். ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" என்பார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து கிழக்கே என்று சொன்னால், "கோயில் தாண்டியா, கோயிலுக்கு இந்தப் பக்கமா?" நாலு கேள்வியில் ஆளை அளந்துவிடுகிற நில அளவை அது. நாங்கள் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளப் பழகினோம். ஒருவர் பக்கத்து டவுன் பெயரையே தன் ஊராகச் சொல்லத் தொடங்கினார். இரண்டாவது வாரம் அலுவலகத்திலிருந்து அட்டெண்டர் ஒரு சர்க்குலரோடு வந்தார். நடந்துகொண்டிருந்த வகுப்பை நிறுத்தி ஆசிரியர் அதை வாசித்தார். ஸ்காலர்ஷிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் உடனே அலுவலகம் வரவும், கீழ்க்கண்டவர்கள். கீழ்க்கண்டவர்கள் எழுந்து, முப்பது பேர் பார்க்க வெளியே நடந்தோம். டவுன் பெயர் சொன்னவரும் நடந்தார். திரும்பி வந்தபோது எங்கள் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு பெஞ்சுக்குப் போயிருந்தார். போனதற்கு அவர் சொன்ன காரணம் மின்விசிறி.

இதையெல்லாம் பெரிய கொடுமை என்று சொல்ல வரவில்லை. இங்கே இருக்கிற பலரும் இதைவிடப் பெரியதைப் பார்த்தவர்கள். நாங்கள் சொல்ல வந்தது இலக்கிய வகுப்பு என்ற தனி இடத்தைப் பற்றி. இயற்பியல் வகுப்பிலும் இதே சர்க்குலர் வரும். ஆனால் அங்கே கரும்பலகையில் எழுதியிருக்கும் சமன்பாடு யாருடைய வீட்டையும் பற்றிப் பேசாது. இலக்கிய வகுப்பில் பாடமே வீடு, சோறு, காதல், சாவு, சாமி. அங்கே ஆசிரியர் ஒவ்வொரு நாளும் 'நாம்' என்று தொடங்குவார்.

நம் மொழியில் 'நாம்' என்று ஒரு சொல், 'நாங்கள்' என்று ஒரு சொல். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், கேட்பவரை விட்டுவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழ் பேசுகிறவர் ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். ஆசிரியர் 'நாம்' என்றுதான் சொன்னார். 'நம் வீடுகளில் மார்கழிக் கோலம்' என்றார். 'நம் முன்னோர் ஏடுகளைப் பூசையறையில் வைத்துக் காத்தார்கள்' என்றார். 'வயலில் வேலை செய்கிறவர்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொண்ட சொற்கள்' என்றார். கடைசி வாக்கியத்தில் வயலில் வேலை செய்கிறவர்கள் எங்கள் அம்மாக்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட 'நாம்' யார் என்பதை எங்கள் நோட்டில் எப்படி எழுதுவது? ஆசிரியர் சொன்னபடியேதான் எழுதினோம். தேர்விலும் அப்படியே எழுதினோம். எங்கள் அம்மாக்களை 'அவர்கள்' என்று எங்கள் கையாலேயே எழுதி மார்க் வாங்கினோம்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறோம்.

எங்கள் நாலு பேரில் நன்றாக வாசிக்கக்கூடியவர் அந்தத் தோழிதான். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் அவர் சத்தமாகப் பாட்டு வாசித்தால் தெருவே கேட்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் பலரையும்போல அவர் வாயிலும் 'ழ' வராது. மழை 'மள' ஆகும், பழம் 'பளம்' ஆகும். ஒருநாள் ஆசிரியர் அவரை எழுந்து ஒரு சங்கப் பாட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தார். இரண்டாவது அடியில் மழை வந்தது. ஆசிரியர் கையைக் காட்டி நிறுத்தி, "இது தமிழ் வகுப்பும்மா. களத்துமேடு இல்ல" என்றார். வகுப்பு சிரித்தது. அதே வகுப்பில் நிலபுலம் உள்ள வீட்டுப் பையன் ஒருவர் இருந்தார். அவருக்கும் 'ழ' வராது. அவர் பேசினால் 'மண்வாசனை' என்பார்கள். ஒரே எழுத்துதான், ஒருவர் வாயில் வாசனை, இன்னொருவர் வாயில் குறை.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

ஏன் சிரித்தோம் என்று பல வருஷம் யோசித்திருக்கிறோம். பயத்தில் என்று சொல்லலாம். சிரிக்காமல் இருந்தால் எங்கள் பக்கம் திரும்புவார்கள் என்ற கணக்கு என்றும் சொல்லலாம். ஆனால் எங்களில் ஒருவர் இதை எழுதும்போது சொன்னார்: "அந்த நிமிஷம் நமக்குச் சந்தோஷமா இருந்துச்சுப்பா. முப்பது பேரோட சேந்து சிரிச்சோம்ல, அதான்." அவர் சொன்னதை மாற்றாமல் வைத்திருக்கிறோம். வகுப்பில் பொருந்திப் போவது என்று சொல்கிறோமே, எங்களுக்கு அது முதன்முதலில் கிடைத்தது அந்தச் சிரிப்பில்தான்.

அதற்குப் பிறகு தோழி வகுப்பில் வாசிக்கவில்லை. ஆசிரியர் சொன்னாலும் தொண்டை சரியில்லை என்பார். நாங்கள் மூவரும் மும்முரமாகப் பொருந்தத் தொடங்கினோம். விடுதி மாடியில் இரவு நின்று வாழை, கோழி, கிழவி என்று சொல்லிப் பழகினோம். வெள்ளைச் சட்டை, பட்டையாக வாரிய தலை, பையில் எப்போதும் ஓர் உரைநூல். ஊரிலிருந்து வரும் கடிதத்தில் அப்பா பெயருக்குக் கீழே தெருப் பெயர் இருக்கும் என்பதால் விடுதி முகவரிக்குப் பதில் நண்பர் ஒருவர் கடை முகவரியைக் கொடுத்தோம். உழைத்தோம், மார்க் வந்தது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். இன்று மேடையில் நின்று பேச முடிகிறது என்றால் அந்த மாடியும் ஒரு காரணம்.

இரண்டாம் பருவத்தில் புறநானூறு. 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஊர் கொள்ள வந்த வீரனோடு செய்த போர் எவ்வளவு வேகமாக நடந்தது என்று சொல்ல ஓர் உவமை. ஒரு மனிதன் தோல் வாரால் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அவன் கையில் வாரைத் தள்ளும் ஊசி எத்தனை விரைவாகப் போகுமோ அத்தனை விரைவு அந்தப் போர். அந்த மனிதனுக்குப் பாட்டில் பெயர் இல்லை. 'இழிசினன்' என்று இருக்கிறது.

ஆசிரியர் உவமையின் அழகைச் சொன்னார். உண்மையிலேயே அழகுதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. 'இழிசினன் என்றால் தாழ்ந்த தொழில் செய்பவன்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

எங்களில் ஒருவருடைய தாத்தா தோல் வேலை செய்தவர். கவலைச் சாலுக்குத் தோல் தும்பி தைத்துக் கொடுத்தவர், செருப்பு தைத்தவர். பம்புசெட்டு வந்த பிறகு கவலை நின்றது, செருப்பு மட்டும் மிச்சம். பேரன் அவர் காலடியில் உட்கார்ந்து வளர்ந்தவர். தோல் ஈரமாக இருந்தால் இழுக்க வரும், காய்ந்தால் இறுகும். கையில் எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் வார் அதன் போக்கில் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததால் வகுப்பு முடிந்த பிறகு விடுதியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "பொண்டாட்டி வலியில கெடக்கா. இவன் எதுக்கு இன்னும் கட்டில் பின்னிக்கிட்டு இருக்கான்? எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே?"

நாங்கள் யோசித்தோம். கட்டில் அவனுடையது இல்லை. யாரோ பெரிய வீட்டாருடையது. திருவிழாவுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். முடிக்காமல் போக அவனுக்கு அனுமதி இல்லை. அந்த ஊசியின் வேகம் திறமையின் வேகம் மட்டும் இல்லை. போக முடியாதவன் போவதற்காகக் காட்டுகிற வேகம். சாத்தந்தையாருக்கு இது தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறோம். தெரியாமல் அந்த மனைவியைப் பாட்டுக்குள் கொண்டுவந்திருக்க மாட்டார். போர் வேகம் சொல்ல ஊசி மட்டுமே போதுமே. புலவர் பார்த்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷமாக அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஊசியை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இதை எங்கள் நண்பர் வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் "உனக்கெப்படித் தெரியும்?" என்ற கேள்வி வரும். பதிலில் தாத்தா வருவார். கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டியபோது, துறையில் வேறொரு வயதான ஆசிரியர் இருந்தார், அவரிடம் மட்டும் எழுதிக் கொடுத்தார். அவர் நம் ஆள் இல்லை. வாசித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, "இதை நான் முப்பது வருஷமா நடத்துறேம்பா. அவன் ஏன் போகலன்னு நான் கேட்டதே இல்ல" என்றாராம். எழுந்து போகும்போது கூப்பிட்டு, "தேர்வுல மட்டும் உரையாசிரியர் சொன்னதை எழுது. மார்க் வேணும்ல" என்றும் சொன்னாராம். இரண்டும் அன்பில் சொன்னதுதான். அந்த இரண்டாவது அறிவுரையை நாங்கள் இன்று மாணவர்களுக்குச் சொல்கிறோமா என்றால், வெட்கத்தோடு சொல்கிறோம், சில சமயம் சொல்கிறோம்.

அதே தொகையில் 335ஆம் பாட்டு, மாங்குடி கிழார் பாடியது. நான்கு பூ, நான்கு உணவு, நான்கு குடி என்று போகும். இந்த நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்கிற அந்த வரிசையில் ஒன்று பறையன். அந்தப் பாட்டு நடந்த அன்று வகுப்பில் இருந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக எல்லாரும் புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். ஆசிரியர் "பறை ஒரு தோற்கருவி, அதை இசைப்போர்" என்று ஒரே மூச்சில் கடந்தார். எங்களில் இன்னொருவர் வீட்டில் பறை சுவரில் தொங்கும். வேப்பங்கட்டை வளையம், புளியங்கொட்டைப் பசை, கன்றுத் தோல். அடிப்பதற்கு முன்னால் வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் சத்தம் எழும். ஒரு கையில் அடிக்குச்சி, ஒரு கையில் சுண்டுக்குச்சி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் ஒன்றாக வைத்திருக்கிறது என்பதை அதே ஆசிரியர்தான் போன பருவம் நடத்தினார். அப்பா சாவுக்கு அடிக்கிற கருவியும் தொல்காப்பியப் பறையும் ஒன்றுதான் என்று அந்த மாணவருக்குச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவர் அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பறையைச் சுவரிலிருந்து எடுத்து உள்ளே வைக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தார். நண்பர்கள் யாராவது வீட்டுக்கு வரக்கூடும் என்று. யாரும் வரவில்லை.

பெரியபுராணத்தில் நந்தனார் வரும்போதும் இதே மாதிரிதான். தீயில் இறங்குகிற இடத்தில் ஆசிரியர் குரல் தழுதழுத்தது. எங்களுக்கு மனதில் நின்றது வேறு இடம். கோயில்களின் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் நந்தனார் கொடுத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். அவர் கொடுத்த தோல் சன்னதிக்குள் போயிருக்கிறது. அவர் வெளியே நின்றிருக்கிறார். அகநானூற்று 309ஆம் பாட்டில் வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவை அடித்து, இரத்தம் தூவி, இறைச்சியைப் புழுக்கித் தின்கிறார்கள். அது 'நேரமில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' பட்டியலில் போனது. நாங்களே படித்துக்கொண்டோம். விடுதி அறையில் நன்றாகச் சிரித்தோம், அது வேறு வகைச் சிரிப்பு.

சிலபஸில் இல்லாதது விடுதியில் இருந்தது. 1992இல் வெளியான பாமாவின் 'கருக்கு' எங்கள் அறைக்கு வந்தபோது அட்டை பிய்ந்திருந்தது. எத்தனை கை மாறி வந்ததோ. ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருந்தார். எந்தப் பேச்சுக்காகத் தோழி வகுப்பில் உட்கார வைக்கப்பட்டாரோ அந்த மாதிரிப் பேச்சு அச்சில் இருந்தது. துறையில் ஒருவர் அதைப் புரட்டிவிட்டு "இது இலக்கியமா, வாக்குமூலமா?" என்றார். ராஜ் கௌதமன் என்று ஒருவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே தலித் பார்வையில் சங்க இலக்கியத்தைப் படித்து எழுதுகிறார் என்பதையும் விடுதியில்தான் கேள்விப்பட்டோம். பாமாவின் அண்ணன் அவர் என்பது பிறகுதான் தெரியும். 2024இல் அவர் மறைந்தபோது, எங்கள் ஆசிரியர்களில் ஒருவராக இருந்திருக்க வேண்டியவரை ஒரு நாளும் நேரில் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்றுதான் தோன்றியது.

எம்.ஏ. முடிக்கும்வரை நாங்கள் அயோத்திதாசர் பெயரைக் கேள்விப்படவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பதிப்பு வரலாறு என்று ஒரு தாள் படித்தோம். உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததையும் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்ததையும் படித்தோம், அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறோம், அவர் இல்லாமல் கட்டில் பின்னியவன் எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டான். ஆனால் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவர், தன் பாட்டனார் கந்தப்பன் வீட்டுச் சுவடியிலிருந்து திருக்குறள் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று எழுதியிருக்கிறார், குறளுக்கே உரையும் எழுதியிருக்கிறார். அது அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வந்தபோது நாங்கள் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தோம். முதல் தொகுதியை வாத்தியார்தான் பாளையங்கோட்டையிலிருந்து தபாலில் வரவழைத்தார். 'ஏடுகளைக் காத்த நம் முன்னோர்' என்று ஆசிரியர் சொன்ன அந்த 'நம்'முக்குள் எங்களுக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது. அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தலித் இலக்கியம் தனித் தாள். 'கருக்கு' 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய், தமிழ் தெரியாத ஊர்களிலும் பாடமாகிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தத் தாள் நடக்கும் வகுப்பிலிருந்து வருகிற மாணவர்கள் எங்களிடம் சொல்வது வேறு கதை. ஆசிரியர் 'கருக்கு' நடத்தும்போது நம் பிள்ளையைப் பார்த்து, "நீ சொல்லும்மா, உங்க ஊர்ல இப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்கிறாராம். முன்னே வாயை மூடச் சொன்னார்கள், இப்போது வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். மற்ற மாணவர்கள் பாட்டைப் படிக்கிறார்கள், நம் பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தின் வடிவத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு எடுக்கப் போனால் இன்னொன்று நடக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு மாணவர் யாப்பில் ஆய்வு செய்ய விரும்பினார். காது அப்படி. தளை தட்டினால் தூக்கத்திலும் கண்டுபிடிப்பார். நெறியாளர், "உங்களுக்கு எதுக்குத் தம்பி யாப்பு? தலித் நாவல் எடுங்க, சீக்கிரம் முடியும், பேரும் கிடைக்கும்" என்றார். நல்லெண்ணத்தில்தான். அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், ஆசிரியர் மறுத்ததால் பாரசீகம் படித்தார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அன்று கதவைச் சாத்தியவர் முகத்தில் வெறுப்பு இருந்தது, இன்று சாத்துகிறவர் முகத்தில் புன்னகை இருக்கிறது. தோழர்களே, இதில் நம் பக்கமும் ஒரு தவறு உண்டு. அந்த மாணவர் எங்களிடம் வந்தபோது, எங்களில் ஒருவரும் "நம்ம இலக்கியத்த நாமதானே ஆராயணும்" என்று அதையேதான் சொன்னோம். யாப்பும் நம் இலக்கியம் இல்லை என்று யார் எங்களிடம் சொன்னது?

தனித் தாளும் நிரந்தரம் இல்லை. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியோடு நம் பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்தது. தனியாக ஒட்டவைத்த பக்கத்தைக் கிழிப்பது சுலபம். புறநானூறு 82ஐக் கிழிக்க முடியாது. அதனால்தான் அந்தக் கட்டில் பின்னியவனோடு இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலித் தாளில் மட்டும் கை தூக்காதீர்கள். எட்டுத்தொகை வகுப்பில், இலக்கண வகுப்பில் கை தூக்குங்கள். தாத்தாவைச் சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கள். சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்லாமலும் கேள்வியைக் கேட்கலாம். அது உங்கள் வீட்டு விவகாரம்.

தோழி விஷயத்துக்கு வருகிறோம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஸ்காலர்ஷிப் வரவில்லை, விடுதியில் மெஸ் பாக்கி நின்றது, வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மூன்றும் உண்மை. யார் கேட்டாலும் அந்த மூன்றையும் சொன்னோம். பருவத் தேர்வு முடிந்து நாங்கள் வாத்தியார் வீட்டுக்குப் போனபோது மார்க் பட்டியலைக் கொண்டுபோயிருந்தோம். அவர் அதை வாங்கவில்லை. "நாலு பேர் போனீங்க. மூணு பேர் வந்திருக்கீங்க" என்றார். ஸ்காலர்ஷிப், மெஸ், மாப்பிள்ளை என்று சொன்னோம். "பணம்னா எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமேடா" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் மட்டும் அவள் ஊருக்குப் போனார். எங்களைக் கூப்பிடவில்லை. போய்விட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எங்களிடம் அன்பாகத்தான் இருந்தார், அந்த விஷயத்தைப் பேசியதில்லை.

அன்று அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று தோழியிடம் நாங்கள் கேட்டதே போன மாதம்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சத்துணவு அமைப்பாளராக இருக்கிறார். பேசிக்கொண்டே பாத்திரக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "அந்த ஐயா சிரிச்சது எனக்குப் பெரிசா படல. அவங்க அப்பிடித்தான்னு தெரியும்ல. நீங்க மூணு பேரும் சிரிச்சீங்க பாரு, அதத்தான் வாத்தியார்கிட்ட சொன்னேன்" என்றார். வாத்தியார் என்ன சொன்னார் என்று கேட்டோம். "ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு, ஒரு பாட்டு வாசிம்மான்னாரு. வாசிச்சேன்."

எந்தப் பாட்டு என்று கேட்டோம். "அது எனக்கும் அவருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

வாத்தியாரின் தகர பீரோவை அவர் குடும்பத்தார் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பின்னறையில் இருக்கிறது. புத்தகம் எடுப்பவர்கள் நோட்டில் பெயர், ஊர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் என்றால் ஊர் மட்டும் போதும், எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாத்தியார் கையால் எழுதிய பழைய நோட்டும் பீரோவிலேயே இருக்கிறது. அதில் புத்தகம் வாங்கித் திருப்பித் தராதவர்கள் என்று ஒரு பக்கம். நாங்கள் மூன்று பேரும் அதில் இருக்கிறோம். நான்காவது பெயருக்கு எதிரே மட்டும் 'வந்தது' என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் மூன்று புத்தகங்களை இன்று கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கொடுத்துவிட்டுப் போகிறோம்.